கொப்பியில் கோடில்லாத சாமான்

பஞ்சிகாவத்தையில்
கிடைக்காத பாகம் இல்லை என்பார்கள்.
ஐம்பத்தெட்டாம் ஆண்டு மொரிஸ் மைனருக்கும்
கதவுக் கைப்பிடி எடுத்துத் தருவார் ஹில்மி நானா,
பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இன்று ரெஜினோல்ட்
முகத்துவாரத்திலிருந்து த்ரீவீலர் கூரையில்
கட்டிக்கொண்டு வந்ததை
மூன்று முறை தட்டிப் பார்த்தார்.
காந்தம் ஒட்டவில்லை.
அரத்துக்குக் கறுப்புத் தூள் உதிர்ந்தது.
உடைந்த விளிம்பில் தேன்கூட்டு அறைகள்,
அறை நிறைய உப்பு.
வெளியே கொட்டலசுகள்;
இரண்டு இன்னும் வாய் திறந்து
தெருப் புழுதியில் கடலைத் தேடின.

"ரொக்கெட்டில கழண்டது."
"எந்த நாட்டு ரொக்கெட்?"
அவனுக்கென்ன தெரியும்.
போன கிழமை, டீசலும் ஐஸும் ஏற்றிய பிறகு,
அந்தப் பக்கம் போகாதே என்று ரேடியோ சொன்னது.
இரண்டு நாள் ஐஸ் கரைந்தது.
மூன்றாம் நாள் போனான்.
கெலவல்லாவுக்குப் பதில் இது,
ஏதோ பழைய பயணத்தில் விழுந்தது.
வலை போனது போனதுதான்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
செம்பு, பித்தளை, ஈயம், அலுமினியம்:
நாலு கோடு கிழித்த கொப்பி.

போன வருஷம் வயர் எரித்துச் செம்பு எடுத்ததற்கு
மாநகரசபை ஐயா வந்து தண்டம் எழுதினார்.
புகை பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனதாம்.
போனதுதான். என் தங்கச்சி மகன்
அங்கேதான் இருந்து இருமினான்.
அன்றிலிருந்து
எரித்துவிட்டால் முடிந்தது என்று
யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

காலம் முடிந்த செய்மதிகளை
விழவிட்டு எரிக்கிறார்களாம்.
நல்லது, தலையில் விழாது.
ஆனால் அலுமினியம் எரிந்து எங்கே போகும்?
எங்கள் தராசைக் கேளுங்கள்.
ஒரு கிலோ எரிந்தால்
ஒரு கிலோவுக்கும் கூடவே வெள்ளைத் தூள்.
மழை ஏற முடியாத உயரத்தில்
கழுவ ஆளில்லாமல் அது மிதக்கும்.
அங்கே போய்த் தண்டம் எழுத
எந்த மாநகரசபையிடம் ஏணி இருக்கிறது?

நேற்றிரவு காலிமுகத்திடலில்
இஸ்ஸோ வடை கையில் சுட,
வானத்தில் ஒரு கோடு எரிந்து போனது.
பக்கத்தில் ஒரு பிள்ளை
கண்ணை மூடி எதையோ வேண்டிக்கொண்டது.
நான் எத்தனை கிலோ என்று யோசித்தேன்.

நானா தராசில் ஏற்றினார்.
கதவளவு சாமான். முள் அசையவே தயங்கியது.
ஆறு கிலோ, கொட்டலசோடு.
உருக்க முடியாது, வெட்டி விற்க முடியாது.
ரெஜினோல்ட்டுக்கு ஒரு பிளேன்டீ வந்தது.

பொருள்: தெரியாது, என்று எழுதினேன்.
விலை: இல்லை.
கொண்டுவந்தவர் என்ற இடத்தில்
ரெ என்று தொடங்கி
பேனை நின்றுவிட்டது.