ஐந்தாம் மைலில் ஒரு பள்ளம்

இஞ்சினுக்கு முன்னால் நடப்பது என் வேலை.
இருபது கெஜம். கையில் சிவப்புக் கொடி.
சிவப்பென்று பதிவேட்டில் இருந்தது;
சித்திரை வெயிலில் வெளுத்து
நைந்த காவியாய்த் தொங்கியது.
ஆனாலும் காரிப்பட்டிப் பக்கம் போன ஒருவர்
கட்சி ஊர்வலம் என்று நினைத்து
கோரிக்கை என்ன என்று கேட்டார்.

ஒன்றேகால் ரூபாய் கூலி என்றேன்.

பின்னால் அது வரும், பத்து டன்,
ஜல்லியை நறநறவென்று மென்றுகொண்டு.
மேலே சவரிமுத்து, புருவமில்லாத டிரைவர்.
புருவம் எங்கே போனதென்று
அடுப்புக் கதவைத்தான் கேட்க வேண்டும்.
வடக்கே சேர்வராயன் மலை.
நாங்கள் விட்ட புகைக்குப் பதிலாக
ஒரு மேகமாவது அனுப்பியிருக்கலாம்.

ரேஷனில் மைலோ போட்ட வருஷம் அது.
குப்பனூர்க் கிணற்றில்
கயிற்றை இரண்டு முறை முடிந்து நீட்டியிருந்தார்கள்.
இஞ்சின் ஒரு நாளைக்கு நாற்பது தகரம் குடிக்கும்:
காலையில் பதினைந்து, உச்சியில் பதினைந்து,
மிச்சம் பொழுதிறங்க.
எண்ணி எழுதுவதும் நான்தான்.
எண் சரியாக இருக்கிறதா என்பதே என் கவலை.

ஒரு வியாழக்கிழமை
வளைவைத் தாண்டினால், ரோட்டில் குடங்கள்.
பித்தளை, மண், ஒரு மண்ணெண்ணெய் டின்,
குறுக்கே வரிசையாக, வாய் வானம் பார்த்து.
அதற்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.
கொடியை ஆட்டினேன்.
அத்தாயி என்பவள் சொன்னாள்:
"நீ நகரு தம்பி. உங்கூடப் பேச்சில்ல. அதுங்கூட."

சவரிமுத்து கண்ணாடிக் குழாயைப் பார்த்தார்.
தண்ணீர் அரை விரல்.
அதற்குக் கீழே போனால் ஈயத் தக்கை உருகும்,
பின்னோடு வேலையும்.
ஓவர்சியர் சேலத்தில்.
சவரிமுத்து யாரிடமும் பேசவில்லை.
தீயை வாரி ரோட்டோரம் கொட்டினார்.
பிறகு விசில் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்.

அவ்வளவு நீள விசிலை
ஜங்ஷனில்கூட நான் கேட்டதில்லை.
ஆவி தீரத் தீரக் கத்தி,
தொண்டை கம்மி, வெறும் மூச்சாகி,
கடைசியில் தூரத்தில் ஒரு நாய் மட்டும்.

தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டார்.
கரியும் துருவும் கலந்த தண்ணீர்;
மாட்டுக்கு ஆகும் என்றார்கள்.
பாய்லரின் வயிற்றுத் திருகைச்
சாக்கைச் சுற்றிப் பிடித்துத் திருப்பியபோது
கொதி அடங்காமல் வந்தது.
வெந்நீர்!
அத்தாயி சும்மாட்டைக்கூடச் சரியாக வைக்காமல்
குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.
மகளுக்கு முந்தின ராத்திரி பிரசவம்.
"எண்ணெய் நாத்தம் அடிக்குதுடி" என்றது ஒரு குரல்.
"அடிக்கட்டும். எண்ணெக் குளியல்னு நெனச்சுக்கறோம்."

பதினோரு நாள் இஞ்சின் அங்கேயே நின்றது.
நிலக்கரி இல்லை, தண்ணீர் இல்லை, தூரம் இல்லை
என்று தினமும் எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
முதல் நாளே 'மேற்படி' என்று போட்டேன்.
மேலே ஒன்றும் இல்லை,
நான் நிமிர்ந்தும் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் லாரியில் தண்ணீர் வந்தது.
முதலில் ஊருக்கா, இஞ்சினுக்கா என்று
இன்னொரு சண்டை; அதில் நான் இல்லை,
கொடியோடு புளியமரத்தடியில் தூங்கிவிட்டேன்.

சக்கரம் நின்ற இடம் நாலு விரல் இறங்கியிருந்தது.
அதன்மேல் எத்தனையோ முறை தார் போட்டுவிட்டார்கள்.
இன்றைக்கும் டவுன் பஸ் அங்கே ஒரு குலுக்குக் குலுக்கும்.
கான்ட்ராக்டரைத் திட்டுவார்கள்.
நான் அதற்குள்
கம்பியைப் பிடித்திருப்பேன்.