காது தெரிய வேண்டும்

ஹட்டன் ஸ்டூடியோவில் என் வேலை
அடையாள அட்டைக்கு முகம் எடுப்பது.
நாடியைத் தூக்குங்க.
காது ரெண்டும் தெரியணும்.
சிரிக்க வேணாம் அக்கா, அரசாங்கம் ஒத்துக்காது.
ஒரு நாளைக்கு முப்பது பேர்
நீலத் துணிக்கு முன்னால்
செய்யாத களவுக்கு முழிப்பார்கள்.

முப்பத்தோராவது முகம்
எங்கள் வீட்டுத் திட்டத்தின் கடைசி வரிசையில்
தண்ணித் தாங்கிக்குப் பக்கத்து டர்பன்டைன் மரத்தில்
இருந்தது.
முதலில் கண்டது நானில்லை, மைனாக்கள்.
பகல் இரண்டு மணிக்கு
ஒரு கிளையைச் சுற்றி அத்தனை வசவு.
யாரை இப்படித் திட்டுகின்றன என்று அண்ணாந்தேன்:
பட்டையோடு பட்டையாய்,
நெஞ்சில் கோடு கோடாய்ப் பழைய பனியன்,
கரிவளையத்துக்குள் கறுத்த கண்.
காது தெரியவில்லை.

கல்யாண ஓடர் என்று முதலாளியிடம் பொய் சொல்லி
நீள லென்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
பிளாஷ் போடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம்.
மூன்று கிழமை.
கிளை.
கிளை.
வால் நுனி.
பறந்த பிறகு ஆடுகிற இலை.
ஒரு படம் முழுக்க மூடுபனி,
அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்
அதற்குள் ஆந்தை உண்டு, நான் சாட்சி.

காணி அளக்க வந்தவன் என்றது ஒரு வீடு.
கரண்ட் வெட்ட வேவு பார்க்கிறான் என்றது இன்னொன்று.
யோகராசாவின் தகப்பன் டிக்கோயா ஆஸ்பத்திரியில்.
"அது அலறினா ஒரு பெட்டி இறங்கும்டா"
என்று அவர் எறிந்த கல்
யார் வீட்டுத் தகரத்திலோ விழுந்து
நாலு நாய்களை எழுப்பியது.
ஆந்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு
மூடிக்கொண்டது.

சந்தனமேரி அகப்பையோடே வந்தாள்.
"என் குசினி ஜன்னலுக்கு நேர நின்னு என்னத்தப் புடிக்கிற?"
"ஆந்தை."
"ஆந்தையாம். உன் முழியப் பாரு."

அது கிடைத்தது ஒரு வியாழன், விடிய மூன்று ஐம்பதுக்கு.
காமன்ட் பஸ்ஸுக்குச் சோறு கட்ட
அவள் குசினி பல்பைப் போட்டாள்.
மஞ்சள் வெளிச்சம் ஜன்னல் தாண்டி
துணிக்கொடிக் கம்பம் வரை போனது.
கம்பத்தின் உச்சியில், எலியைத் தேடி வந்திருக்கும்,
நேராக என்னைப் பார்த்து,
நாடி தூக்கச் சொல்லத் தேவையில்லாமல்,
சிரிக்காமல்.
மூச்சைப் பிடித்தேன்.
ஒன்று.
சத்தமில்லாமல் கழன்று போனது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தவளிடம்
வழக்கைத் தீர்க்கலாம் என்று கமராவை நீட்டினேன்.
பெரிசாக்கு என்றாள்.
ஆக்கினேன்.
இன்னும் இங்கிட்டு.
ஆந்தை திரைக்கு வெளியே நகர்ந்தது.
ஜன்னல் வந்தது. ஜன்னலுக்குள்
அள்ளிமுடிந்த கொண்டை, கையில் சட்டி மூடி,
ஆவிக்கு ஒதுங்கிய முகம், கொஞ்சம் கலங்கலாய்.
"இது நானா?"

கனநேரம் பார்த்தாள்.
"ஐசிக்குப் படம் நீதானே எடுத்த.
அதுல செத்தவ மாதிரி இருப்பேன்."
எனக்கு அவளை ஞாபகமில்லை.
சொல்லவுமில்லை.

"இதக் கழுவிக் குடு."
"குருவிய வெட்டிரவா?"
"வேணாம், நிக்கட்டும்.
இந்த வரிசையில அந்நேரத்துக்கு
வேற யாரு முழிச்சிருக்கா?"

நூற்றைம்பது என்றேன்.
நூறுதான் தருவேன் என்றாள்,
லைட்டு அவளோடதாம்.