நாற்பதில் அறிந்தவை

பெருந்துறையிலிருந்து போன் செய்கிறீர்கள், பொன்னுரங்கம் சார்:
"மூணையும் ஓட்டியிருக்கியேம்மா சகாயராணி,
எத வாங்கலாம்? ஒளிக்காமச் சொல்லு."

துளசிங்கம் அண்ணன் ஏஜென்சியில்
ஏழு வருஷமாக வண்டி இறக்குகிறவள் நான்.
பெரியமுதலியார்சாவடிப் பக்கம் லாரி நிற்கும்.
சரிவுப்பலகையில் பின்பக்கமாக, அங்குலம் அங்குலமாக.
பிறகு முதலியார்பேட்டை பதிவு அலுவலகம் வரை
பதினொரு கிலோமீட்டர்.
மீட்டரில் பன்னிரண்டு காட்டினால்
ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
மற்றவர்கள் முந்நூறில் அறிந்ததை
நான் நாற்பதில் அறிந்திருக்கிறேன்.

மஞ்சள் லம்போர்கினியில் உட்கார முடியாது,
உள்ளே விழ வேண்டும்.
பின்னால் வருகிற உலகம்
ஹாரன் அடித்தால்தான் உண்டு.
சாவி கொடுத்ததும் பிடரிக்குப் பின்னே
தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி.
கொக்கு பார்க் சிக்னலில் ஒரு ஸ்கூல் வேன்
முழுக்கச் சாய்ந்து என் பக்கம் பார்த்தது.
சூடேறாத பிரேக் டவுன்பஸ் போலவே கத்தும்,
கோடி கொடுத்து வாங்கிய கீச்சு.
வழியில் இருபத்து மூன்று வேகத்தடை.
பட்டனை அமுக்கு, மூக்கைத் தூக்கு, ஏறு, இறங்கு, மூக்கைத் தாழ்த்து.
கோபக்கார மாமனாரைக்
கோயில் படியேற்றி இறக்குகிற வேலை.

சிவப்பு ஃபெராரிக்கு ஸ்டீயரிங் சுருக்கு.
தும்மினால் அடுத்த லேன்.
லாஸ்பேட்டை வரை இரண்டு கையாலும் மல்லுக்கட்டினேன்,
அப்புறம்தான் பிடிபட்டது:
திருப்பக் கூடாது, திரும்ப நினைத்தால் போதும்.
தப்பாக நினைத்தாலும் திரும்பும் சார்,
அதையும் கணக்கில் வையுங்கள்.
நாற்பதில் அதுவாகவே மேல் கியருக்குப் போய்
கச்சேரிக்கு நடுவே கொட்டாவி விடுகிற பாடகனாகிவிடுகிறது.
இடது கால் சும்மா கிடக்கிறது.
சும்மா கிடக்கும் கால்
இல்லாத கிளட்சைத் தேடி இரண்டு முறை
பிரேக்கை மிதித்தது. பெல்ட் என்னைக் காப்பாற்றியது.

சாம்பல் போர்ஷேயில் கிளட்ச் இருந்தது.
கனமான கிளட்ச், நூறடிச் சாலை நெரிசலில் தொடை நடுங்கும்.
இன்ஜின் பின்னச்சுக்கும் பின்னால் என்றார்கள்.
கேரியரில் சிமெண்டு மூட்டை ஏற்றிய சைக்கிள் என்று பயந்தேன்.
மூட்டைக்கு உயிர் இருந்தது,
வளைவில் அதுவே சாய்ந்து கொடுத்தது.
தார் மாறும் இடம்,
குடிநீர்க் குழாய்க்கு வெட்டி மூடிய வடு,
கடற்காற்று இரவில் கொண்டுவந்து போட்ட மணல்,
எல்லாம் உள்ளங்கைக்கு வந்தன.
அன்று வீட்டுக்குப் போயும் கையில் சாலை இருந்தது,
சோறு பிசையும்போது.

சாவியை ஒப்படைத்துவிட்டு டெம்போவில் திரும்புவேன்.
கடைசியில் டெம்போதான் உசத்தி என்பாள்
என்று காத்திருக்காதீர்கள்.
டெம்போ மோசம். இடுப்பு கழன்றுவிடும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: சாம்பல்,
இடது முழங்கால் நன்றாயிருந்தால்.
போர்த்தி வைத்து ஞாயிறுதோறும் துடைப்பதென்றால்
மஞ்சள். துணிக்குக் கீழும் அது மஞ்சளாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. ஒருநாள் லாரி காலாப்பட்டிலேயே பஞ்சர்.
விடிகாலை ஐந்து மணி, ஈரமில்லாத சாலை.
பல்கலைக்கழக வாசல் தாண்டி
நாயில்லை, பால்வண்டியில்லை.
வலது காலை முழுசாக வைத்து
நான்கு வரை எண்ணினேன்.
சவுக்குத்தோப்பு ஒரே மரமாயிற்று.
ஐந்து சொல்ல வாயில் காற்றில்லை.

அது மூன்றில் எது என்று
அண்ணனிடமும் சொன்னதில்லை.
உங்களிடம் சொன்னால்
அதைத்தான் வாங்குவீர்கள்.