நாலு விரற்கடை

வெருலம் மைதானத்தில் திங்கட்கிழமைகளில்
பாய்களைச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள்,
கழுவுவதற்கு.
அன்றைக்கு மட்டும் புல்லில் அடிக்கலாம்.
பன்னிரண்டு ராண்ட் கூடுதல்; நாலு மணிக்கு மூடிவிடுவார்கள்.
நான் மூன்று வருஷமாகச் செவ்வாய் இரவுக்காரன்.

பாயென்றால் கோரைப்பாய் இல்லை.
சிமெண்ட்மேல் ஒட்டிய பச்சை நைலான்.
என் ஏழாம் நம்பர் இரும்பின் அடிவயிற்றில்
அந்தப் பச்சை உருகி ஒட்டியிருக்கிறது.
பெட்ரோல் போட்டுத் துடைத்தாலும் ஒரு கீற்று போகாது.
டக் என்றொரு சத்தம். பந்து போகும்.
நூற்றிருபது மீட்டர் பலகையைத் தாண்டிப் போகும்.
ஒருதரம் பந்து பொறுக்கும் டிராக்டரின் கம்பிக்கூண்டில் பட்டது;
உள்ளேயிருந்து லுங்கெலோ கட்டைவிரலைக் காட்டினான்.
அன்றிரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

இடது முழங்கை வலித்தது உண்மை.
சிமெண்ட் திருப்பி அடிக்கிறது என்றாள் பிஸியோ பெண்.
வலியையும் நான்
வரவுப் பக்கத்தில்தான் எழுதிக்கொண்டேன்.

இந்தத் திங்கள் ஆபீசில் கணினி படுத்துவிட்டது.
மதியமே விட்டார்கள். போனேன்.
டொங்காட் பக்கம் கரும்புக்குத் தீ வைத்திருந்தார்கள்;
கருஞ்சாம்பல் இழையிழையாக இறங்கிக்
கையுறையில் உட்கார்ந்தது.
கிக்கூயூ புல். அடியில் இன்னும் பனி ஈரம்.
பந்தை வைத்தேன். கொஞ்சம் அமிழ்ந்து
தன் வீடுபோல உட்கார்ந்துகொண்டது.

சொத்.

பந்து ஒன்பது மீட்டர் உருண்டு
ஒரு ஹடீடாவின் காலடியில் நின்றது.
பறவை பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது.
பந்தைவிடத் தூரம் போயிருந்தது மண்.

மறுபடி. சொத்.
மறுபடி.
பக்கத்து ஆள் போனைப் பார்ப்பதுபோல் நடித்தார்.

குனிந்தேன்.
பந்து இருந்த இடத்துக்கு இந்தப் பக்கம்
தோலுரித்த மாதிரி சிவப்பு மண்.
கையை வைத்து அளந்தேன். நாலு விரற்கடை.
ஆறு வெட்டு, ஆறும் அதே அளவு பின்னால்.
அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. அதுதான் வெட்கம்.

அப்படியானால் மூன்று வருஷமும்
நான் பந்தை அடிக்கவே இல்லை.
பாயை அடித்தேன். பாய் வழுக்கிக் கொடுத்தது.
இரும்பைப் பந்துவரை தள்ளிவிட்டு
'நீதான் அடித்தாய்' என்றது.

கோகிலம் ஞாபகம் வந்தாள்.
கல்யாண நாளை மறந்தபோது, பரவாயில்லை.
அவள் அப்பாவின் கருமாதிக்குப் பிந்திப் போய் நின்றபோது, பரவாயில்லை.
என் அண்ணன்மார் முன்னால் அவள் சம்பளத்தைச் சொல்லிச் சிரித்தேன்,
டீயை ஆற்றிக்கொண்டே, பரவாயில்லை.
ஒவ்வொரு தடவையும் பந்து நேராகப் போனது.
நான் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அக்கா வீட்டுக்குப் போனாள்.
ரெண்டு நாள் துணிதான், என்றாள்.
இது ஜூலை.

வெட்டுப்பட்ட புல்தகட்டைத் தேடி எடுத்துவந்து
குழியில் வைத்து மிதித்தேன்.
சரியாகப் பொருந்தவில்லை.
ஓரத்தில் கிடந்த பாட்டிலிலிருந்து மணலைத் தூவினேன்.
நாலாவது குழியில் ஹடீடா மூக்கை விட்டு
ஒரு புழுவை இழுத்து எடுத்தது,
நான் அதற்காகவே தோண்டியதுபோல.

வாளியில் இன்னும் நாற்பத்துநாலு பந்து.
மூட இருபது நிமிஷம்.
அடுத்ததை வைத்தேன்.
பலகையைப் பார்க்கவில்லை.