ஏத்தன்குலை

நெட்டா செக்போஸ்ட்டில் இரவுக் காவல் எனக்கு.
கம்பத்தைத் தூக்குவேன், இறக்குவேன்.
அந்தப் பக்கம் மலையாளத்தில் பெய்யும் மழை
இந்தப் பக்கம் தமிழில்.
றப்பர் மரங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கூரைமேல் சுழலும் சிவப்பு விளக்கைப் பார்த்து
உபதேசியார் கனகமணி ஒருநாள் சிரித்தார்:
"ஏதேன் வாசல்ல பட்டயத்தோட நிக்கிய
கேரூபீன் மாதிரியில்லா இருக்கு!"
கேரூபீனும் தினக்கூலிதானா என்று கேட்டேன்.

ஏதேனில் நின்றது ஏத்தன்வாழை என்று
சின்ன வயதில் நம்பியிருந்தேன்.
ஞாயிறு பள்ளியில் டீச்சர் வாசித்தது
என் காதில் அப்படித்தான் விழுந்தது.
எழுத்துக் கூட்டத் தெரிந்தபின் திருத்திக்கொண்டேன்.
போன ஆனி மாதம்
மறுபடியும் அது ஏத்தன்வாழை ஆயிற்று.

தார்ப்பாய்க்குக் கீழே என்ன என்றேன்.
"வாழக்குலதான், சாரே."
மேலே வாழைக்குலைதான் இருந்தது.
ஒன்றை இறக்கி என் நாற்காலியில்
ஆளை உட்காரவைப்பதுபோல் சாய்த்து வைத்தான்.
நுனிச்சீப்பு மஞ்சள் வாங்கத் தொடங்கியிருந்தது.
சர்ப்பம் எதுவும் பேசவில்லை.
பேசத் தேவைப்படவில்லை.
கம்பம் மேலே போனது.

விடியும்போது மாங்கோட்டுக் குளத்தில்
ரத்தம் காய்ந்த பஞ்சு, குளுக்கோஸ் குழாய்,
ஊசி, ஊசி, ஊசி.
வாத்துகளை விரட்டிக்கொண்டு இறங்கிய
பெனிஷாவின் குதிகாலில் ஒன்று.
ஏழு வயது.

மூன்று நாள் குளத்தில் நின்று பொறுக்கினேன்.
"உனக்கென்ன இவ்வளவு கரிசனம்" என்று
யாரும் கேட்கவில்லை. அதுதான் தண்டனை.
நாலாம் நாள் அவள் அம்மையிடம் சொன்னேன்.
நெடுநேரம் பார்த்தாள்.
பிறகு கையிலிருந்த கூடையை என்னிடம் தள்ளி
"அந்த மூலையில இன்னும் கெடக்கு" என்றாள்.

ஆறு மாதம் பிள்ளையின் ரத்தத்தைச் சோதித்தார்கள்.
ஒன்றுமில்லை என்று தாள் வந்தது.
வீட்டில் சுகந்தி அந்தக் குலையை
அறுக்கவும் இல்லை, எறியவும் இல்லை.
கறுத்து, ஒழுகி, தானாய் விழுந்தது.

இந்த லெந்தில் உபதேசியார் பிரசங்கித்தார்:
ஆதாம் விழுந்ததும் நன்மைக்கே.
விழாதிருந்தால் மீட்பர் எதற்கு வருவார்?
எல்லாரும் ஆமென் என்றார்கள்.
என் நாக்கு எழும்பவில்லை.

விழுந்ததால்தான் அந்தக் குளத்தை அறிந்தேன்,
அதன் கரையில் யார் யார் வீடு என்று அறிந்தேன்.
நிஜம்.
ஆனால் என் பாடத்துக்கு
அந்தக் குதிகாலா புத்தகம்?

அப்புறம், உபதேசியாரே,
விழும் முன்பும் அவர் வந்துகொண்டுதானே இருந்தார்?
சாயங்காலக் குளிர்ச்சியில்
தோட்டத்துக்குள் நடந்த காலடிச் சத்தம்
யாருடையது?
கூப்பிட வந்தவர்தான்.
ஒளிந்தவர்களைத் தேட வேண்டியதாயிற்று.

நான் திரும்பத் திரும்ப வாசிப்பது வேறொரு வசனம்.
துரத்தும் முன் அவர்களுக்குத்
தோலால் உடை செய்து உடுத்துகிறார்.
கோபத்தோடு உட்கார்ந்து தைத்திருப்பார்.
அளவு எடுத்திருப்பார்.
முள்ளும் குளிரும் நிறைந்த வெளியை
அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

மார்த்தாண்டத்தில் தோல் செருப்பு வாங்கினேன்,
சின்னது, வார் வைத்தது.
பெனிஷாவுக்கு ஒரு விரல் அளவு பெரிதாக இருந்தது.
"வளர்ந்துருவேன்" என்றாள்.
அதைவிட நல்ல இறையியல் எனக்குக் கிடைக்கவில்லை.

மணி இரண்டே கால்.
வெள்ளறடைப் பக்கமிருந்து ஒரு லாரி இறங்குகிறது.
வளைவிலேயே பழ வாசனை.
டிரைவர் சிரிக்கிறான், எனக்கும் பசிக்கிறது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு
மழையில் பின்பக்கம் போகிறேன்.

தூக்குடே, தார்ப்பாயை.