ஒரு ரூபாய் அளவு

கையை மட்டும் எடு, என்றாள் காசாம்பு.
மொகம் வேணாம்.
தங்கச்சி மவ அந்தக் கம்பெனியிலதான்
கான்ட்ராக்ட்ல கூட்டிப் பெருக்குறா.

உப்பனாறு வற்றத்தில் கிடந்தது.
பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு
மார்பளவு நீரில் தவழ்ந்து
சேற்றைத் தடவித் தடவி
இறாலைக் கையாலேயே பிடிக்கிறவள்
கரையேறி
உள்ளங்கை இரண்டையும்
சீட்டுக்கட்டைப் போல விரித்தாள்.

உரிந்த இடம் வெள்ளை.
உரிந்து ஆறி மறுபடி உரிந்த இடம்
என்ன நிறமென்று சொல்ல வரவில்லை.
பத்து விரல் நுனியும் வழவழ.
ரேஷன் கடை மிஷின் மூன்று மாதமாக
அவளைத் தெரியாது என்கிறது.

முதுநகரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன்.
பாஸ்போர்ட் சைஸ் எட்டு, நூறு ரூபாய்.
காதுகுத்து, மஞ்சள் நீராட்டு ஆல்பம்.
பருவும் தழும்பும் தெரியாமல் அழிப்பதில்
எனக்கு நல்ல பெயர்.
புண்ணைப் புண்ணாகவே எடுத்துத் தரச்சொல்லி
இருபது வருடத்தில் ஒருத்தரும் வந்ததில்லை.

அளவு தெரியட்டும் என்று
புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் வைத்தேன்.
என் நிழல் விழாமல் குனிந்து எடுத்தேன்.
தேதி, நேரம், காற்று வந்த திசை
பின்பக்கம் பென்சிலில்.

திங்கட்கிழமை மனு நாள்.
டோக்கன் நூற்று நாற்பத்தாறு.
நீட்டிய படத்தில் அதிகாரி
கையைப் பார்க்கவில்லை,
நாணயத்தைப் பார்த்தார்.
"காசு குடுத்துதான் எடுத்தீங்களா?"

பிறகு சான்றிதழ் கேட்டார்,
என் கேமராவில் எடுத்தது, திருத்தவில்லை என்று.
எழுதிக் கொடுத்தேன்.
பிறகு, இது அந்த ஆத்துக் கைதானா என்றார்.
கைக்கு மொகம் இல்லியே மேடம், என்றார்.

திரும்பும் பஸ்ஸில் காசாம்பு சிரித்தாள்.
"மொகத்தோட போனா மட்டும்
ஒன்னத் தெரியும்னா சொல்லிடப் போறான்?"
சிப்காட் ஸ்டாப்பிங்கில்
நகப்பூச்சு வாடை ஏறி
டிக்கெட் எடுக்காமல் எங்களோடு வந்தது.
அதை நான் எதால் எடுப்பேன்.

மறுவாரம் அவளே கேட்டாள்,
ஒம் மிஷினக் குடு.
ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.
எங்க அமுக்கணும்?
காட்டினேன். அமுக்கினாள்.
எடுத்துவிட்டது.
அது ரேகை கேட்கவில்லை.

பழைய கேமரா, பால் பாக்கெட் உறையில் கட்டி,
ஒன்பது நாள் அவள் கழுத்தில் கிடந்தது.
நூற்றுப் பதினோரு படம்.
பாதி வெறும் வானம்.
இருபதில் அவள் விரலே மறைத்திருக்கிறது.
ஒன்றில் தலையில்லாத நான்.
மிச்சமெல்லாம்
கரையில் நின்று நான் ஒருநாளும் பார்த்திராத உயரத்திலிருந்து:
தண்ணீருக்கு மேலே ஒரு சாண்.
அங்கிருந்துதான் தெரிகிறது
கோரைக்குள் ஒளிந்திருக்கும் குழாயின் வாய்,
காலை நாலு நாற்பதுக்கு
மஞ்சளாய்க் கக்கியபடி.
படத்தின் ஓரத்தில்,
அளவு தெரியட்டும் என்று அவள் வைத்தது
செத்த கெளுத்தி ஒன்று.
காசு இல்லை.

ஆனால் சான்றிதழ் இப்போது
எடுத்தவர் கையெழுத்தைக் கேட்கும்.
எடுத்தவர் நான் இல்லை.

அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
தங்கச்சி மவளக் கேட்டுட்டு வர்றேன்
என்று போனவள்
மூன்றாம் நாள்தான் வந்தாள்.
அவள் என்ன சொன்னாள் என்று காசாம்பு சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஸ்டுடியோவில் சீல் வைக்கிற மைப்பெட்டியைத்
தானே திறந்தாள்.
கட்டைவிரலை அமுக்கி
பெயருக்கு நேரே ஒற்றினாள்.

கோடு ஒன்றுகூட இல்லாத நீலம்.
ஒரு ரூபாய் அளவு.