தொங்கல் கணக்கு

ஆறாம் திகதி ஓடிற்.
இன்றைக்கு இரண்டு.
கடை இரண்டு நாளாகப் பூட்டு,
மல்லாவிச் சந்தியில் மின்சாரமும் இல்லை.
பின்ஸ்டோரில் கைபேசி வெளிச்சத்தில்
ஆணி எண்ணுகிறோம்.

எண்ணுவது என்றால் நிறுப்பது.
இரண்டங்குலம், பதினொரு கிலோ நானூறு.
கொப்பியில் பன்னிரண்டு.
மிச்சம் எங்கே என்றேன்.
கஜீபன் செருப்பைக் கழற்றிக் காட்டினான்,
குதியில் ஒன்று.
அதைப் பிடுங்கித் தராசில் போட்டுவிட்டு
எழுதினேன்: சிந்தலும் துருவும்.

பெற்றோல் பில்களில் மை பறந்துவிட்டது.
வாசலில் வெயிலுக்குப் பிடித்துப் பார்க்கிறேன்,
ஆனி மாதம் முழுவதும் வெள்ளைத்தாள்.
லொறி ஓடியது எனக்குத் தெரியும்,
ஓடிற்றருக்கு எப்படித் தெரியும்?

நிலையான சொத்துகள்:
லொறி ஒன்று, ஜெனரேற்றர் ஒன்று, தராசு இரண்டு,
எல்லாம் இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு.
பெயர்ப்பலகையில் மட்டும்
தொண்ணூற்று நான்கில் தொடங்கிய கடை.
ஆரம்ப மீதி எப்படிப் பூச்சியம் என்று
முதல் வந்த பெடியன் கேட்டபோது
முதலாளி தண்ணீர் குடித்தார்.
அது பதிலாகப் பதியப்படவில்லை.

இனி, தொங்கல் கணக்கு.
முப்பத்தோராயிரத்து ஐந்நூறு.
குறைந்தால் தேடலாம்,
திருடனையோ கூட்டல் பிழையையோ பிடிக்கலாம்.
இது கூடி நிற்கிற காசு.
போகத்துக்குப் போகம் நாலாயிரத்து ஐந்நூறு,
ஏழு ரசீது,
ஏழிலும் ஒரே பெயர்:
மதுரநாயகம், பாண்டியன்குளம்.
விபரம்: பழைய கடன்.

எந்தப் பழைய கடன்?
இரண்டாயிரத்து எட்டில் ஒரு நீர்ப்பம்பாம்.
பம்பும் இல்லை, பேரேடும் இல்லை,
விற்றவருக்கு விற்ற ஞாபகமும் இல்லை.
இலாபத்தில் போடட்டோ என்று கேட்டால்
'என்ர இலாபம் இல்லை அது' என்கிறார்.
திருப்பிக் கொடுப்போம் என்றால்
வாங்க ஆள் இல்லை,
அந்த மனிசன் கொடுக்க மட்டும்தான் வருகிறான்.
மூன்று வருடமாக ஓடிற் கடிதத்தில்
அது நாலாவது கேள்வி.

பத்தரைக்கு அரைக்கதவைத் தட்டி
சைக்கிளோடு நிற்கிறார்.
சாரத்தில் நெற்தூசு.
'இண்டையோட முடியுது பிள்ளை,
முடிஞ்சுது எண்டு எழுதித் தா.'

முப்பத்தாறாயிரம். சரிதான்.
ஆனால் முந்தநாளோடு வருடம் மூடிவிட்டது ஐயா,
இரண்டு நாள் பிந்திவிட்டீர்கள்
என்று சொல்ல வாய் எடுத்தேன்.
பதினாறு வருடம் பிந்தி வந்தவரிடம்
இரண்டு நாளைப் பற்றி என்ன கதைப்பது?

புதிய ரசீதுப் புத்தகத்தில் முதலாவது தாள்.
பிறகு ஒரு வெற்றுக் கடிதத்தில்,
மீதியை உறுதிப்படுத்தக் கடன்காரருக்கு அனுப்புகிற
அதே கடிதத்தில்,
கையெழுத்து வாங்கினேன்.
கடன் இருந்ததற்குச் சாட்சி
கடன்பட்டவர் மட்டும்.
அப்படியொரு ஆவணத்தை
எந்தப் பைலில் கோப்பது என்று
எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

முதலாளி உள்ளேயிருந்து வரவில்லை.
வந்து என்ன சொல்வார்.
கஜீபனிடம் சோடா ஒன்று கொடுத்தனுப்பினார்,
அதைச் சில்லறைச் செலவில் எழுதினேன்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது.
விசிறி சுழன்று
வெள்ளைப் பில்களெல்லாம் நிலத்தில்.
சைக்கிள் போன திசையில்
கஜீபன் இன்னும் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.
'வாடா,' என்றேன்,
'மூன்றங்குலம் இன்னும் நிறுக்கவில்லை.'